சோம்பல் அன்று, சோகை!

தலையான பாவங்கள் ஏழு என்று சிறுவயதில் ஞானோபதேச வகுப்பில் மனப்பாடம் செய்தோம். அவற்றுள் கடைசியாக எண்ணப்படுவது சோம்பல். குருமடத்தில் அதைப்பற்றி மேலும் விரிவாகக் கற்றோம். அதன் வேர் எது, கிளைகள் எவை, அதற்கு மாற்றான புண்ணியம் எது என்று கேட்டால் இன்றும் தடையின்றிச் சொல்லிவிடுவோம். ஆனால் ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ வாடிய முகத்துடன் நம்முன் வந்து நிற்கும்போது, அது சோம்பலா, நோயா என்று பிரித்தறியும் வித்தையை அங்கே நாம் கற்கவில்லை. அக்குறையால் நாம் செய்த தவறொன்றை இங்கே எழுதுகிறோம். அதே தவறு நம் குடும்பங்கள் பலவற்றில் நாள்தோறும் நடந்துகொண்டிருக்கிறது என்பதே இதனை எழுதத் தூண்டிய காரணம்.

பாடகர் குழுவில் ஒரு பெண்

நெய்வேலி நகரியத்தை அடுத்து, முந்திரித் தோப்புகளின் நடுவே அமைந்த சிற்றூர் ஒன்றிலிருந்து நம் ஆலயத்துக்கு வரும் குடும்பம் அது. தந்தை சுரங்கத்தில் ஒப்பந்தத் தொழிலாளி. மூத்த மகளுக்கு வயது 22. பட்டப் படிப்பை முடித்துவிட்டுப் பள்ளி ஒன்றில் சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்து வந்தாள். (அவளுடைய சம்மதம் பெற்றே எழுதுகிறோம். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.)

நல்ல குரல் வளம் உடைய அப்பெண், ஓராண்டுக் காலமாகப் பாடல் பயிற்சிக்குத் தாமதமாக வரலானாள். எல்லோரும் எழுந்து நிற்கும் நேரத்தில் அவள் அமர்ந்திருப்பாள். அல்லது தூணில் சாய்ந்திருப்பாள். கேட்டால், "தலை சுற்றுகிறது, ஃபாதர்" என்பாள். ஒருநாள் அவளுடைய தாய் அவளை அறைவீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார்.

"சாமி, நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கள். பள்ளி விட்டு வந்தால் படுத்துவிடுகிறாள். ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்குகிறதாம். ஜெபமாலை சொல்லும்போதே கண்ணை மூடிவிடுகிறாள். கலியாணம் பேசுகிற வயதில் இப்படி இருந்தால், போகிற இடத்தில் என்ன சொல்வார்கள்?"

அந்தப் பெண் தலை குனிந்து நின்றாள். நாம் புத்தி சொன்னோம். அதிகாலையில் எழுவதன் நன்மை, இரவில் கைப்பேசி பார்ப்பதன் தீமை, சோம்பலால் வரும் கேடு ஆகியவற்றை எடுத்துரைத்தோம். தவக்காலம் தொடங்கவிருந்ததால், நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு வந்துவிட்டுப் பள்ளிக்குச் செல்லுமாறு கட்டளையிட்டோம். அவள் கீழ்ப்படிந்தாள். பாட்டியிடம் கற்ற பழைய வழக்கப்படி, வெறும் வயிற்றோடு தினமும் வந்தாள். இரண்டாம் வாரத்தில் நற்கருணை வாங்க வரிசையில் நின்றவள் அப்படியே சரிந்து விழுந்தாள்.

ஆலய வாசலில் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கண்ணேறு என்றார் ஒருவர். தோப்பில் எதையோ கண்டு பயந்திருக்கிறாள் என்றார் மற்றொருவர். மந்திரித்துக் கயிறு கட்டச் சொன்னவர்களும் நம்மவர்களே. நாம் காப்பி வரவழைத்துக் கொடுத்தோம்; தலைமேல் கைவைத்து ஆசீர்வதித்தோம். அதற்குமேல் சிந்திக்கவில்லை.

மிதந்து நின்ற துளி

பாஸ்குத் திருவிழாவுக்குப் பின் நம் இளைஞர்கள் பங்கு மண்டபத்தில் இரத்ததான முகாம் நடத்தினார்கள். அப்பெண்ணும் பெயர் கொடுத்திருந்தாள். தானம் பெறுமுன் விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு துளி இரத்தத்தை மயில்துத்தக் கரைசலில் விடுவது இத்தகைய முகாம்களில் நெடுங்கால வழக்கம். போதிய சத்துள்ள இரத்தமானால் துளி கனத்து அடியில் இறங்கும். சத்துக் குறைந்ததானால் மிதக்கும். அவளுடைய துளி அந்த நீல நீரின் நடுவிலேயே நின்றது. பிறகு மெல்ல மேலே வந்தது.

"நீ கொடுக்க வந்திருக்கிறாய் அம்மா, உனக்கே இரத்தம் வேண்டியிருக்கிறதே" என்றார் செவிலியர். மறுநாள் பரிசோதனைச் சாலையில் அளந்தபோது ஹீமோகுளோபின் 6.9 கிராம் என்று வந்தது. வயது வந்த பெண்ணுக்கு 12 கிராமுக்குக் குறைந்தால் சோகை என்பதும், 8-க்குக் கீழே சென்றால் கடுமையான சோகை என்பதும் உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். ஆண்களுக்குச் சோகையின் எல்லை 13 கிராம். இரத்ததானம் செய்ய 12.5 கிராமாவது வேண்டும்.

ஆம், பாதி இரத்தச் சத்தோடு அப்பெண் குடம் சுமந்தாள், வகுப்பறையில் நின்றாள், நம் கட்டளைக்குப் பணிந்து தினமும் நடந்து வந்தாள். அவளையா சோம்பேறி என்றோம்!

வாளி குறைந்த பட்டை

சோகை எவ்வாறு களைப்பையும் தலைசுற்றலையும் தருகிறது என்பதை நெய்வேலி மக்களுக்கு விளக்குவது எளிது. சுரங்கத்திலிருந்து அனல் மின் நிலையத்துக்கு நிலக்கரியைச் சுமந்து செல்லும் நீண்ட கன்வேயர் பெல்ட்டை நாம் அறிவோம். நம் உடலில் இரத்தம் அத்தகைய பட்டை. மூச்சினால் உட்கொண்ட பிராணவாயுவை நுரையீரலிலிருந்து மூளைக்கும் தசைகளுக்கும் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அதனைச் செய்ய இரும்புச் சத்து வேண்டும். இரும்பு குறைந்தால் பட்டை ஓடும்; ஆனால் சரக்கு பாதிதான் வந்து சேரும். ஈடுகட்ட இதயம் பட்டையை விரைவாக ஓட்டுகிறது. அதுவே படபடப்பு. தசைக்குப் போதாமையால் களைப்பு. மூளைக்குப் போதாமையால் தலைசுற்றலும் கவனக் குறைவும். படி ஏறினால் மூச்சு வாங்கும். கீழ் இமையின் உட்புறமும் நாவும் வெளிறும். சிலருக்கு அரிசி, மண், சாம்பல், திருநீறு, ஐஸ்கட்டி ஆகியவற்றைத் தின்னும் ஆசை எழும். இதுவும் நோயின் குறியே. கெட்ட பழக்கமென்று அடிக்க வேண்டியதன்று.

இந்நோய் மெல்ல மெல்ல வருவதால் உடல் அதற்குப் பழகிப்போகிறது. எனவே நோயாளியே தன்னை நோயாளி என்று அறிவதில்லை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் இந்தியாவில் 57 விழுக்காட்டினர் சோகையுள்ளவர்கள், தமிழகத்தில் 53.4 விழுக்காட்டினர். அதே வயது ஆண்களுள் இந்தியாவில் நால்வரில் ஒருவர். ஞாயிறு திருப்பலியில் பெண்கள் பக்கம் திரும்பி மறையுரை ஆற்றும்போது, நம் எதிரே இருப்பவர்களில் பாதிப்பேர் இக்கூட்டத்தைச் சேர்ந்தவர்களாயிருக்கலாம் என்று இப்போது நினைத்துக்கொள்கிறோம்.

காரணம் தேடியவர்கள்

சோகை என்று பெயரிட்டதோடு வேலை முடியவில்லை. அது ஏன் வந்தது என்று தேடுவதே முக்கியம். ஓட்டைப் பானையில் நீர் நிரப்பிப் பயன் என்ன?

சுரங்கத்தால் வாழும் நாம், சுரங்கத்தாரின் வரலாற்றில் சோகைக்கு உள்ள இடத்தை அறிந்திருப்பது நன்று. 1872 முதல் 1882 வரை சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொத்தார்த் ரயில் சுரங்கவழியை அமைத்தார்கள். வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் ஏழை இத்தாலியர். பலமான இளைஞர்கள் சில மாதங்களில் வெளிறிப்போய், தலைசுற்றி, நடக்கவும் இயலாதவரானார்கள். புகையால் என்றனர் சிலர். இருளால் என்றனர் சிலர். 1880-ஆம் ஆண்டில், புனித தொன் போஸ்கோ வாழ்ந்துகொண்டிருந்த அதே துரின் நகரில், பேராசிரியர் பெரோன்சித்தோ என்பவர் உண்மையை எடுத்துரைத்தார். அவர்களுடைய குடலில் கொக்கிப்புழு கூட்டம் கூட்டமாகப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது. இப்புழுவின் குஞ்சு மண்ணிலிருந்து தோல் வழியாகவே உடலுக்குள் புகும் என்பதைப் பின்னர் 1898-இல் கெய்ரோ நகரில் லூஸ் என்ற அறிஞர் கண்டறிந்தார்.

கொத்தார்த் போல இருண்ட, ஈரக் குகையன்று நம் சுரங்கம். அது வெயில் காயும் திறந்தவெளிச் சுரங்கம். ஆயினும் ஈரமும் நிழலும் உள்ள மண்ணில், மனிதர் மலம் கழிக்கும் இடத்தில், வெறுங்காலோடு நடப்பவருக்கு இப்புழு காத்திருக்கிறது. சுற்றுப்புறச் சிற்றூர்களில் தோப்புக்குச் செல்லும் வழக்கம் இன்னும் முற்றிலும் மறையவில்லை. கழிப்பறையும் காலணியும் ஆடம்பரம் அல்ல. அவை இரத்தத்தைக் காக்கும் மருந்து. பிள்ளைகளுக்கு 2015 முதல் ஆண்டுதோறும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் குடற்புழு நீக்க மாத்திரை தருகிறார்கள். அந்நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளாதீர்கள்.

இனி மற்றொரு வரலாறு நம் நாட்டிலேயே நடந்தது. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலப் பெண் மருத்துவர் 1928-இல் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிகள் கடுஞ்சோகையால் வருந்தினார்கள். அவர்களுடைய உணவை ஆராய்ந்த அவர், நம் நீலகிரியின் குன்னூரிலும், சென்னையின் கோஷா மருத்துவமனையிலும் கூட அவ்வாராய்ச்சியைத் தொடர்ந்தார். மலிவான ஈஸ்ட் சாறு ஒன்று அச்சோகையைத் தீர்ப்பதை 1931-இல் உலகுக்கு அறிவித்தார். அதிலிருந்த சத்தைப் பின்னர் 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். இன்று அரசு தரும் சத்து மாத்திரையில் இரும்போடு சேர்ந்திருப்பது அதுவே.

தாயும் மகளும்

நம் பங்குப் பெண்ணின் காரணம் யாது? பெண் மருத்துவர் ஒருவர் அவளைத் தனியே அமர்த்தி வினவினார். 14 வயது முதல் அவளுக்கு மாதவிலக்கு எட்டு, பத்து நாள்கள் நீடித்து வந்தது. வெட்கத்தால் எவரிடமும் சொல்லவில்லை. காலையில் ஒரு டம்ளர் தேநீரோடு பள்ளிக்குச் செல்வாள். மதியச் சோறு உண்டவுடன் மீண்டும் தேநீர். இழப்போ மிகுதி, வரவோ குறைவு. வந்த சிறிதளவு இரும்பையும் தேநீர் உடலில் சேரவிடாமல் தடுத்துவிட்டது.

"ஏனம்மா, பெண் இப்படி இருப்பது உங்களுக்குத் தெரியாதா?" என்று மருத்துவர் கேட்டபோது தாய் சொன்ன பதில் நம்மை உலுக்கிவிட்டது. "எனக்கும் இப்படித்தான் இருந்தது, டாக்டர் அம்மா. பெண் பிறவி என்றால் இப்படித்தான் என்று நினைத்தேன்." அன்றே தாயின் இரத்தத்தையும் சோதித்தார்கள். 9 கிராம்! மகளைச் சோம்பேறி என்று கடிந்த அத்தாயே, இளமை முதல் அதே நோயோடு உழைத்து வந்திருக்கிறார். எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, மிஞ்சியதைக் கடைசியில் உண்ணும் நம் தாய்மாரை எண்ணிப் பாருங்கள். அதனைத் தியாகம் என்று பிரசங்கத்தில் நாம் புகழ்ந்ததும் உண்டு. புகழ்ந்ததற்குப் பதிலாக, குடும்பத்தார் ஒன்றாக அமர்ந்து, கறியையும் முட்டையையும் கீரையையும் சமமாகப் பகிர்ந்துண்ணுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும்.

தலைசுற்றல் எல்லாம் சோகை அன்று

ஒரு சோதனையில் சோகை இல்லை என்று வந்தாலும், "ஒன்றுமில்லை" என்று இளைஞனை அனுப்பிவிடலாகாது. வேறு காரணங்கள் பல உண்டு.

கோடையில் சுரங்கத்திலும் சாலையிலும் உழைப்பவர்க்கு வியர்வையால் நீரும் உப்பும் குறைந்து, எழுந்தவுடன் கண் இருளும். நீர், உப்பிட்ட மோர், கஞ்சி இவை அதற்கு மருந்து. மது அதனை மேலும் கெடுக்கும். இரவு ஷிப்ட் பார்த்துவிட்டுப் பகலில் பிள்ளைகளின் கூச்சலுக்கிடையே தூங்க முயல்பவருக்குக் களைப்பு வராமல் என்ன செய்யும்? அவர் உறங்கும் அறையை இருட்டாகவும் அமைதியாகவும் வைத்திருப்பது வீட்டாரின் கடமை. படுக்கையில் புரளும்போது அறையே சுழல்வதாகத் தோன்றினால், பெரும்பாலும் உள்காதில் கோளாறு. உடல் பருத்து, குளிர் தாங்காமல், முடி கொட்டினால் தைராய்டைச் சோதிக்க வேண்டும். தாகமும் சிறுநீரும் மிகுந்து உடல் மெலிந்தால் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்தால் காசநோய்ச் சோதனை தேவை. புதிதாக மணமானவளுக்குக் கருவுற்றதன் முதல் அறிகுறியாகவும் தலைசுற்றல் இருக்கலாம். முன்பு விருப்பமாயிருந்த எதிலும் மனம் செல்லாமல், உறக்கம் கெட்டு, நம்பிக்கை இழந்து வாரக்கணக்கில் ஓர் இளைஞன் சோர்ந்திருந்தால், அது மனச்சோர்வு நோய். அதற்கும் மருத்துவம் உண்டு. விசுவாசக் குறைவென்று அவனைக் குற்றஞ்சாட்டாதீர்கள்.

சில அறிகுறிகளைக் கண்டால் நாளைவரை பொறுக்கலாகாது. ஓடும்போதோ பளு தூக்கும்போதோ மயங்கி விழுதல், மார்பு வலி, அமர்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறல், தார் போன்ற கறுப்பு மலம், இரத்த வாந்தி, ஒரு பக்கக் கைகால் சோர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவை அவை. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். வாலிபனான ஆணுக்குச் சோகை கண்டாலும், எங்கோ இரத்தம் கசிகிறது என்று கருதி மூலம், குடற்புண், கொக்கிப்புழு ஆகியவற்றைத் தேடியாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சோதனை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ஹீமோகுளோபினை அளந்துவிடலாம். சோதிக்காமல் கடையில் டானிக் வாங்குவதும், ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு தெம்பு வந்தது என்று மகிழ்வதும் நாளையும் பணத்தையும் வீணாக்கும், நோயை மறைக்கும்.

இரண்டாவது, பொறுமை. இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும். சிலருக்கு வயிறு புரளும், மலச்சிக்கல் வரும். இதற்கு அஞ்சிப் பத்து நாளில் நிறுத்துகிறவர் அநேகர். தொல்லை தந்தால் மருத்துவரிடம் சொல்லி வேறு மாத்திரை கேளுங்கள். ஒரு சிவப்பணுவின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். புது இரத்தம் ஊற மாதங்கள் ஆகும். அளவு சரியான பிறகும், இருப்பு நிரம்புவதற்காகச் சுமார் மூன்று மாதம் தொடர்ந்து உண்ண வேண்டும்.

மூன்றாவது, உணவு. ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றின் இரும்பு எளிதில் உடலில் சேரும். கீரை, கேழ்வரகு, கம்பு, எள், பயறு இவற்றின் இரும்பு சேருவதற்கு எலுமிச்சை, நெல்லி, கொய்யா துணை செய்யும். தேநீரும் காப்பியும் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரமாவது தள்ளியிருக்கட்டும். பீட்ரூட் சிவப்பாயிருப்பதால் மட்டும் இரத்தம் ஊறிவிடாது.

நான்காவது, குருக்களாகிய நாம் சொல்ல வேண்டியது. நற்கருணைக்கு முன் நள்ளிரவு முதல் உபவாசம் இருந்த பழைய முறை 1957-இல் மூன்று மணி நேரமாகவும், 1964-இல் ஒரு மணி நேரமாகவும் தளர்த்தப்பட்டுவிட்டது. வெறும் தண்ணீர் உபவாசத்தை முறிப்பதில்லை என்று 1953-லேயே அறிவித்துவிட்டார்கள். முதியோர்க்கும் நோயாளிகளுக்கும் அந்த ஒரு மணி நேரமும் கடமையன்று. சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய நாள்களின் ஒருசந்தியிலிருந்தும் தக்க காரணமுள்ளவர்க்குப் பங்குக் குரு விலக்களிக்கலாம். சோகையுள்ளவர்கள் தயங்காமல் கேளுங்கள். உணவைவிட்டு ஒடுங்குவதற்குப் பதிலாக, நோயாளி ஒருவரைச் சந்திப்பதும் ஆண்டவருக்கு உகந்த தவமே.

அப்பமும் தண்ணீரும்

எலியா இறைவாக்கினர் சோர்ந்துபோய், சூரைச்செடியின் கீழ்ப் படுத்துச் சாவை வேண்டியதை அரசர் ஆகமத்தில் வாசிக்கிறோம். அவரை எழுப்பிய வானதூதர் சோம்பலைப்பற்றிப் பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அப்பமும் ஒரு குவளைத் தண்ணீரும் கொடுத்தார், மறுபடி உறங்கவிட்டார், மீண்டும் எழுப்பி உண்ணச் செய்தார். அதன் பின்னரே ஓரேபு மலைக்கு அனுப்பினார். பன்னிரண்டு ஆண்டு இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணை நம் ஆண்டவர் கடிந்துகொள்ளவில்லை. கூட்டத்தின் நடுவே "மகளே" என்றழைத்தார். அடுத்து யாயீரின் மகளை உயிர்ப்பித்தபோது அவர் பெற்றோருக்கு இட்ட கட்டளை, அவளுக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. பலமுறை பிரசங்கித்த இப்பகுதிகளை, அந்த மிதந்த துளியைக் கண்ட பிறகே நாம் சரியாகப் படித்தோம்.

அப்பெண்ணிடமும் அவள் தாயிடமும் மன்னிப்புக் கேட்டோம். அவர்கள்தாம் கூச்சப்பட்டார்கள். சிகிச்சை தொடங்கி ஆறு மாதத்தில் அவளுடைய அளவு 11-ஐத் தாண்டியது. தாயும் மாத்திரையை விடாது உண்கிறார். அடுத்த ஆண்டு முகாமில் அவள் இரத்தம் கொடுக்கவில்லை. இன்னும் பொறுக்குமாறு மருத்துவர் சொல்லியிருந்தார். ஆனால் காலை முதல் மாலை வரை மண்டபத்தில் நின்றாள். துளி மிதந்ததால் முகம் வாடித் திரும்பிய பெண்களைத் தன் பக்கத்தில் அமர்த்தி, ஆளுக்கொரு டம்ளர் எலுமிச்சைச் சாறு கொடுத்து, எங்கே போய் யாரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதித் தந்துகொண்டிருந்தாள்.

அன்பார்ந்த பெற்றோரே! உங்கள் வீட்டில் சோர்ந்து படுத்திருக்கும் பிள்ளையை இன்று மாலை ஒருமுறை அருகில் அழைத்து, கீழ் இமையை மெல்லத் தாழ்த்திப் பாருங்கள். வெளிறியிருந்தால் நாளையே சோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிவந்திருந்தாலும் சோர்வு நீடித்தால் காரணம் தேடுங்கள். கண்டிக்க வேண்டியிருந்தால், அதற்குப் பின்னும் நேரம் உண்டு.